ரவுட்டர் பெட்டியில் பெயர் இருக்கும் மனிதர்: யார் இந்த ஹெர்ட்ஸ்?

புது ரவுட்டர் வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு எண்கள்: 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ். ஹாலில் வைத்து மாட்டியாச்சு. சோபாவில் உட்கார்ந்தால் படம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஆபீஸ் மீட்டிங்கில் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. இரண்டடி தள்ளி நின்றால் திரும்ப உயிர் வருகிறது. உடனே அடுத்த யோசனை: இன்னும் நாலு ஆன்டெனா கூடுதலாக உள்ள, விலை அதிகமான ரவுட்டரை வாங்கிடலாமா?

அதுக்கு முன்னாடி, பெட்டியில் அந்த எண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஹெர்ட்ஸ் என்பது வெறும் அளவு இல்லை, ஒரு மனிதரின் பெயர். கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று அறைக்குள் எப்படிப் போகிறது, எதில் மோதித் திரும்புகிறது, எந்த இடத்தில் செத்துப்போகிறது என்பதை முதன்முதலில் அடி அடியாக அளந்து பார்த்தவர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். 1888இல், ஜெர்மனியில், ஒரு வகுப்பறையைக் காலி செய்து அதைச் செய்தார். 36 வயதில் இறந்தும் போனார். தான் கண்ட அலையை வைத்து யாரும் ஒரு செய்தி அனுப்பி அவர் பார்த்ததில்லை.

வீட்டில் இரண்டாவது ரவுட்டர் வைக்கலாமா, அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கான விடையில் பாதி அவர் வாழ்க்கைக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

கடைசல் பழகிய வக்கீல் மகன்

1857 பிப்ரவரி 22 அன்று ஹாம்பர்க் துறைமுக நகரில் பிறந்தார் ஹெர்ட்ஸ். அப்பா குஸ்டாவ் வழக்கறிஞர், பின்னாளில் அந்நகரின் செனட்டர். ஐந்து பிள்ளைகளில் ஹைன்ரிச்தான் மூத்தவர். வசதியான, படித்த குடும்பம். பையன் மொழிகளில் கெட்டி. அரபி மொழியைக்கூட ஆசைப்பட்டுப் படித்தார்.

ஆனால் புத்தகத்தோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பள்ளிக்குப் போய்ப் பொறியியல் வரைபடம் போடக் கற்றுக்கொண்டார். வீட்டில் மரவேலை மேசை இருந்தது. பிறகு கடைசல் இயந்திரமும் வந்தது. இயற்பியல் கருவிகளைத் தானே செய்து பார்ப்பது அவருக்கு விளையாட்டு. அவருக்குக் கடைசல் சொல்லிக்கொடுத்த கைவினைஞர் பற்றி ஒரு கதை உண்டு. பையன் பேராசிரியர் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் அவர் வருத்தப்பட்டாராம். எவ்வளவு நல்ல கடைசல்காரனாக வந்திருக்க வேண்டியவன்!

இந்தக் கைப்பழக்கம்தான் பின்னாளில் அவரைக் காப்பாற்றியது. மற்றவர்கள் தாளில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் துத்தநாகத் தகட்டை வளைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினீயரிங்கை விட்ட 20 வயது

1875இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. எல்லோரும் எதிர்பார்த்தபடி பொறியியல் பக்கம் போனார். பிராங்பர்ட்டில் கட்டுமானப் பயிற்சி, டிரெஸ்டனில் கொஞ்ச காலப் படிப்பு, பெர்லினில் ரயில்வே படைப்பிரிவில் ஓராண்டு கட்டாய ராணுவ சேவை. 1877இல் பொறியியல் படிப்பைத் தொடர மியூனிக் போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் மனசு மாறியது. பொறியியல் என்றால் நிச்சயமான வேலை. இயற்பியல் என்றால் எப்போது சம்பளம் வரும் என்றே தெரியாது. ஆனாலும் அதுதான் தனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்பாவுக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். அப்பா சம்மதித்தார். அடுத்த ஆண்டே, அந்தக் கால ஜெர்மன் இயற்பியலின் பெரிய தலையான ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் படிக்க பெர்லினுக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்று விட்ட போட்டி

அப்போது இயற்பியலில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மின்சாரமும் காந்தமும் வெற்றிடத்தில்கூட அலையாகப் பயணிக்க முடியும், ஒளியும் அப்படிப்பட்ட ஓர் அலைதான் என்று ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1860களில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கணக்கு அழகாக இருந்தது. ஆனால் அந்த அலையை யாரும் பரிசோதனையில் உண்டாக்கி நிரூபித்துக் காட்டவில்லை. ஜெர்மனியில் பலர் அதை நம்பவும் இல்லை.

1879இல் பெர்லின் அகாடமி இதையொட்டி ஒரு பரிசுப் போட்டி அறிவித்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் மாணவரைப் பார்த்து இதை நீ எடுத்துச் செய் என்றார். 22 வயது ஹெர்ட்ஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கையில் இருக்கும் கருவிகளை வைத்து இதைச் செய்தால், கிடைக்கும் விளைவு அளக்கவே முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும் என்று தெரிந்தது. போட்டியே வேண்டாம் என்று விலகிவிட்டார். ஆனால் கேள்வியை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டார். மேக்ஸ்வெல் அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

1880இல் முனைவர் பட்டம். பிறகு மூன்று ஆண்டுகள் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளர். 1883இல் கீல் பல்கலைக்கழகம். அங்கே அவருக்கு முறையான ஆய்வுக்கூடம் இல்லை, தாளும் பேனாவும்தான். 1885இல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. நல்ல கருவிகள் அங்கே இருந்தன. சக ஆசிரியர் ஒருவரின் மகள் எலிசபெத் டோலை அங்கேதான் சந்தித்தார். 1886 ஜூலையில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

இருட்டில் ஒரு தீப்பொறி

கல்யாணம் முடிந்த சில மாதங்களில், வகுப்புக்கான செய்முறைக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஹெர்ட்ஸ். தட்டையாகச் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மின்சாரம் பாய்ந்து பொறி பறந்தால், அதோடு தொடர்பே இல்லாத இன்னொன்றிலும் குட்டிப் பொறி பறந்தது. பார்த்துவிட்டுக் கடந்து போகக்கூடிய விஷயம்தான். ஏழு வருடம் முன்னால் மனசுக்குள் வைத்த கேள்வி இல்லையென்றால், இவரும் கடந்து போயிருப்பார்.

அவர் அமைத்த கருவி இன்றைய வைஃபையின் கொள்ளுத்தாத்தா. அனுப்பும் பக்கம், நடுவில் சிறு இடைவெளி விட்ட நேரான செப்புக் கம்பி, இரு முனைகளிலும் பெரிய துத்தநாக உருண்டைகள். உயர் மின்னழுத்தம் கொடுத்தால் இடைவெளியில் பொறி தாவும். அந்தக் கணத்தில் கம்பிக்குள் மின்னோட்டம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும், நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை. இந்த ஆட்டத்தின் எண்ணிக்கையைத்தான் இன்று அவர் பெயரால் அளக்கிறோம். நொடிக்கு ஓர் ஆட்டம் என்றால் 1 ஹெர்ட்ஸ். 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி ஆட்டம்.

வாங்கும் பக்கம் இன்னும் எளிமை. வளையமாக வளைத்த ஒரு கம்பி, அதில் மயிரிழை இடைவெளி. பேட்டரி கிடையாது, இணைப்பு கிடையாது. அலை வந்து சேர்ந்தால் அந்த இடைவெளியில் ஒரு பொறி மின்னும். அதன் நீளம் சில நேரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அறையை இருட்டாக்கி, திருகாணியால் இடைவெளியைத் துளித்துளியாகச் சரிசெய்து, கண்ணைக் கூர்மையாக்கிப் பார்க்க வேண்டும். இன்று போன் திரையில் தெரியும் சிக்னல் கோடுகளின் வேலையை அன்று அந்தப் பொறி செய்தது.

வழியில் இன்னொன்றும் தட்டுப்பட்டது. பொறியை நன்றாகப் பார்க்க வாங்கும் கருவியைப் பெட்டிக்குள் மறைத்தபோது, பொறி சின்னதாகிப்போனது. அனுப்பும் பொறியின் புறஊதா வெளிச்சம் இதன்மேல் படாததுதான் காரணம் என்று பொறுமையாகக் கண்டுபிடித்து 1887இல் வெளியிட்டார். ஒளிமின் விளைவு என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். ஐன்ஸ்டைன் 1905இல் இதற்கு விளக்கம் சொன்னார். ஹெர்ட்ஸோ அதை எழுதி முடித்துவிட்டு, அலை பக்கம் திரும்பிவிட்டார்.

காலி செய்யப்பட்ட வகுப்பறை

1888 தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட இடம், கல்லூரியின் இயற்பியல் விரிவுரை அறை. 15 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். பெரிய அறைதான். ஆனால் நீளவாக்கில் இரண்டு வரிசை இரும்புத் தூண்கள் நின்றன. தூண்களுக்கு நடுவே ஆள் நடந்து போகலாம். அவர் அலைக்கு மட்டும் அந்த வரிசை கிட்டத்தட்ட மூடிய சுவர் மாதிரி. அதனால் தூண்களுக்கு இடைப்பட்ட 8.5 மீட்டர் அகலம் மட்டுமே உபயோகம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்.

தொங்கிக்கொண்டிருந்த எரிவாயுக் குழாய்களையும் சரவிளக்குகளையும் கழற்றினார். மர மேசையும் பெஞ்சும் மட்டும் மிச்சம். முன்பக்கக் கல் சுவரில் 4 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலத்துக்குத் துத்தநாகத் தகடு அடித்தார். சுவரிலிருந்து 13 மீட்டர் தள்ளி அனுப்பும் கருவியை நிறுத்தினார். பிறகு வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார்.

ஓரிடத்தில் பொறி பளிச்சென்று வந்தது. கொஞ்சம் தள்ளினால் மங்கியது. இன்னும் தள்ளினால் காணவே காணோம். மேலும் நடந்தால் திரும்ப வந்தது. காரணம் இதுதான். சுவரை நோக்கிப் போகும் அலையும், தகட்டில் மோதித் திரும்பும் அலையும் நடுவழியில் சந்திக்கின்றன. சில இடங்களில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. செத்த இடங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் அலையின் நீளம் கிடைத்துவிடும். முழு அலை ஒன்று கிட்டத்தட்ட 10 மீட்டர் வந்தது. அதை வைத்து, அலை பயணிக்கும் வேகம் ஒளியின் வேகத்தை ஒட்டியே இருக்கிறது என்று காட்ட முடிந்தது. மேக்ஸ்வெல் தாளில் எழுதிய அலை, இப்போது ஓர் அறைக்குள் பிடிபட்டுவிட்டது.

இதுக்கும் படுக்கையறையில் உறைந்து நிற்கும் வீடியோவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? நேரடியாகவே இருக்கிறது. ஹெர்ட்ஸின் அலை 10 மீட்டர் நீளம் என்பதால் அவர் அடிக்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெறும் 12.5 சென்டிமீட்டர். 5 கிகா ஹெர்ட்ஸ் என்றால் 6 சென்டிமீட்டர். அதனால்தான் போனை நாலு விரல் அகலம் நகர்த்தினாலே சிக்னல் ஏறி இறங்குகிறது. ரவுட்டர் மோசம் என்று அர்த்தமில்லை. அறை அப்படி.

அறை ஹெர்ட்ஸையே ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. காற்றில் போகும் அலையைவிடக் கம்பி வழியே போகும் அலை மெதுவாகப் போவதாக அவருடைய அளவுகள் காட்டின. மேக்ஸ்வெல் கணக்குப்படி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னர் ஜெனீவாவில் இரண்டு ஆய்வாளர்கள் மிகப் பெரிய கூடத்தில் அதே சோதனையைச் செய்தபோது வேகம் ஒன்றாகவே வந்தது. கார்ல்ஸ்ரூஹே அறை அந்த அலைக்குப் போதவில்லை. இதுபோக, ஹெர்ட்ஸ் போட்ட கணக்கில் ஒரு பிழை இருப்பதைப் பிரெஞ்சு கணித மேதை பொன்காரே கண்டுபிடித்தார். இரண்டையும் ஹெர்ட்ஸ் மறைக்கவில்லை. 1892இல் கட்டுரைகளைப் புத்தகமாகத் தொகுத்தபோது, முன்னுரையிலேயே தன் தவறுகளை வரிசையாக எழுதி வைத்தார்.

கதவு, ஆள், அரை டன் தார்

1888 கடைசியில் இன்னும் ஒரு படி போனார். கருவியைச் சின்னதாக்கி, 66 சென்டிமீட்டர் நீள அலையை உண்டாக்கினார். நொடிக்குச் சுமார் 45 கோடி ஆட்டம். துத்தநாகத் தகட்டை வளைத்து, 2 மீட்டர் உயரத்துக்கு இரண்டு பிரதிபலிப்பான்கள் செய்தார். ஒன்று டார்ச் மாதிரி அலையை ஒரே திசையில் அனுப்பும், மற்றது அதை வாங்கிக் குவிக்கும்.

பிறகு வரிசையாகச் சோதனை. நடுவில் மரக்கதவைச் சாத்தினார். மூடிய அறைக்குள்ளும் பொறி வந்தது. உலோகத் தகட்டை நிறுத்தினால், சுத்தமாக நின்றது. உதவியாளர் ஒருவர் குறுக்கே நடந்து போனால், அவர் மறைக்கும் கணத்தில் பொறி அணைந்து, அவர் விலகியதும் திரும்ப வந்தது. மரச்சட்டத்தில் 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இணையாகக் கட்டிய செப்புக் கம்பிகளை வைத்தார். ஒரு வாக்கில் பிடித்தால் அலை தாராளமாகப் போனது, 90 டிகிரி திருப்பினால் நின்றுவிட்டது. 600 கிலோ எடையில் தாரால் ஒரு முப்பட்டகம் வார்த்து, கண்ணாடி ஒளியை வளைப்பதுபோல இது அலையை வளைப்பதையும் காட்டினார்.

அந்த டிசம்பரில் முடிவுகள் பெர்லின் அகாடமிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒளியும் இந்த அலையும் ஒரே குடும்பம் என்பதில் அதற்குப் பிறகு சந்தேகம் இல்லை. அந்தப் பட்டியலை இன்று வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாமே பொருந்துகிறது. மரக்கதவு பெரிய தொல்லை இல்லை. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு ஆகியவை அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் விழுங்கும். மீன்தொட்டியும் மனித உடம்பும் அதனால்தான் தடை. கான்கிரீட் தளத்தில் சிமென்ட்டும் கம்பியும் சேர்ந்து இரண்டு வேலையையும் செய்யும். இதில் 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4ஐவிடப் பலவீனமானது.

அப்படியானால் இரண்டாவது ரவுட்டர் வேண்டுமா?

முதலில் ஹெர்ட்ஸ் செய்ததைச் செய்யலாம். காலி செய்வது, நடப்பது, குறித்துக்கொள்வது. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தோ லாஃப்டிலிருந்தோ வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், திறந்த இடத்தில், உயரமாக வைக்க வேண்டும். குச்சி ஆன்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் அதிகம் பரவும். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றைச் சாய்த்துப் பார்க்கலாம். பிறகு போனில் சிக்னல் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு அறை அறையாக நடக்க வேண்டும். மைனஸ் 67 டி.பி.எம். வரை இருந்தால் வீடியோ அழைப்புக்குப் போதும். மைனஸ் 80 என்று இறங்கினால் அந்த இடம் கஷ்டம்தான். இதிலேயே பாதி வீடுகளின் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

அப்படியும் இரண்டு அறைகளில் பொறி வரவில்லையா? அப்போதுதான் இரண்டாவது கருவி. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரே ரவுட்டர்: இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே பெரும்பாலும் ரவுட்டராகவும் இருக்கும். கடையில் வாங்கியதை அப்படியே அதில் செருகினால், ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பிப்பார்கள். நெட் வரும். ஆனால் மாடியில் உள்ள பிரின்டர் கீழே தெரியாது, போனிலிருந்து டிவிக்குப் படம் போகாது, சில ஆன்லைன் கேம்கள் முரண்டு பிடிக்கும். இரண்டாவதன் செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். முகவரி கொடுக்கும் வேலையை முதல் ரவுட்டர் மட்டும் பார்க்கும், இரண்டாவது அலையை மட்டும் பரப்பும்.

பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால்: அதன் ஐ.பி. முகவரியை, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணாக மாற்றி, டி.எச்.சி.பி. வசதியை அணைத்துவிட வேண்டும். பிறகு கேபிளை ‘இன்டர்நெட்’ என்று போட்டிருக்கும் துளையில் செருகாமல், சாதாரண லேன் துளையில் செருக வேண்டும். அவ்வளவுதான்.

முடிந்தால் கேபிள்: இரண்டுக்கும் நடுவே ஈதர்நெட் கேபிள் போட முடிந்தால், அதுதான் சிறந்தது. 100 மீட்டர் வரை தாங்கும். ஒயரிங் முடியாத வாடகை வீடு என்றால் மெஷ் வகையைப் பார்க்கலாம். விலை குறைந்த ரிப்பீட்டர், ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ரிப்பீட்டரையோ மெஷ் கருவியையோ சிக்னல் செத்த அறையில் வைப்பது பெரிய தவறு. காதில் விழாததை எப்படித் திரும்பச் சொல்லும்? நல்ல சிக்னல் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவழிதான் அதற்குச் சரி. கேபிளில் இணைத்த ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இந்தத் தடை இல்லை. நேராகத் தேவைப்படும் அறையிலேயே வைக்கலாம்.

பெயர் ஒன்று, சேனல் வேறு: இரண்டு கருவிக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே பாஸ்வேர்டும் கொடுத்தால், நடக்கும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். சேனலை மட்டும் வேறாக்க வேண்டும். 2.4இல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 6 அல்லது 11. எந்தக் கருவியைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்வது ரவுட்டர் இல்லை, போன். மாடிக்குப் போன பிறகும் கீழ் சிக்னலையே பிடித்துத் தொங்கினால், ரவுட்டரின் அலை வலிமையைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். கூட்டுவதுதான் தீர்வு என்று நினைப்போம். இங்கே குறைப்பதும் தீர்வுதான்.

அதே காரணத்துக்காக, சின்ன ஃபிளாட்டில் நாலு ஆக்சஸ் பாயின்ட் தேவையே இல்லை. ஒரே சேனலில் இருப்பவை மாறி மாறித்தான் பேச முடியும். நெருக்கமாக வைத்தால் ஒன்றின் வழியை மற்றது மறிக்கும்.

கண்டம் அளவுக்கு ஒரு கண்ணாடி

இவ்வளவையும் தொடங்கிவைத்த ஹெர்ட்ஸுக்கு, இதை வைத்துச் செய்தி அனுப்பலாம் என்ற எண்ணமே இல்லை. 1889இல் மியூனிக்கைச் சேர்ந்த ஒரு பொறியாளர், தொலைபேசிப் பேச்சை இதுபோலக் கம்பியில்லாமல் அனுப்ப முடியுமா என்று கடிதம் எழுதிக் கேட்டார். ஹெர்ட்ஸ் மறுத்துப் பதில் போட்டார். பேச்சொலியின் ஆட்டம் நொடிக்குச் சில நூறு, ஆயிரம்தான். அவ்வளவு மெதுவான ஆட்டத்துக்கு அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். அதைக் குவிக்க ஒரு கண்டம் அளவுக்குப் பிரதிபலிப்பான் வேண்டியிருக்கும்.

கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். பேச்சை வேகமாக ஆடும் இன்னோர் அலையின் முதுகில் ஏற்றி அனுப்பலாம் என்ற யோசனை வர இன்னும் காலம் இருந்தது. ஹெர்ட்ஸுக்கு மேக்ஸ்வெல் சொன்னது உண்மையா என்று தெரிந்தால் போதும். தெரிந்துவிட்டது. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

32 வயதில் புகழ், 36 வயதில் முடிவு

1889இல் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1890இல் லண்டன் ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. மூத்த மகள் யோஹன்னாவுக்கு அடுத்து, 1891இல் இரண்டாவது மகள் மதில்டே பிறந்தாள். எல்லாம் கூடிவந்த நேரம்.

உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. முதலில் பல்வலி. பிறகு 1892 கோடையில் மூக்கிலும் தொண்டையிலும் தொற்று. சளி என்று ஆரம்பித்தது விடவே இல்லை. தாடையிலும் மூக்கிலும் அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். வலியோடு இயக்கவியலின் அடிப்படைகள் பற்றி ஒரு புத்தகத்தை எழுதிக்கொண்டே இருந்தார். 1893 டிசம்பர் 7 அன்று கடைசியாக வகுப்பெடுத்தார். 1894 ஜனவரி 1 அன்று ரத்தத்தில் நச்சுக் கலந்து இறந்தார். 37ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதங்கூட இல்லை. உடலைச் சொந்த ஊரான ஹாம்பர்க்கில், ஓல்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

மாணவரின் கடைசிப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதும் வேலை 72 வயது ஆசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

அவருக்குப் பிறகு

ஹெர்ட்ஸின் மரணத்தையொட்டி அவருடைய சோதனைகளைப் பற்றிப் பலரும் எழுதினார்கள், பேசினார்கள். அவற்றைப் படித்தவர்களில் ஒருவர் இத்தாலிய இளைஞர் மார்க்கோனி. 1901இல் அவர் அட்லாண்டிக் கடல் தாண்டி சிக்னல் அனுப்பினார். 1909இல் நோபல் பரிசும் பெற்றார். நம்ம ஊர்ப் பக்கம், கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895 வாக்கில் மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையான அலைகளை உண்டாக்கி, சுவர்களைத் தாண்டி ஒரு மணியை ஒலிக்க வைத்துக் காட்டினார்.

எலிசபெத் இரண்டு மகள்களையும் தனியாக வளர்த்தார். மதில்டே விலங்குகளின் பார்வைத் திறனை ஆராயும் உயிரியலாளர் ஆனார். அப்பா வழித் தாத்தா குடும்பம் யூத மரபில் வந்தது என்பது நாஜி ஆட்சியில் குற்றமாகிவிட்டது. குடும்பம் லூத்தரன் கிறிஸ்தவர்களாக மாறிப் பல காலம் ஆகியும் பயனில்லை. மதில்டேவின் வேலை பறிபோனது. தாயும் மகள்களும் 1930களில் இங்கிலாந்துக்குப் போய்த் தங்கினார்கள். ஹாம்பர்க் நகர மன்றக் கட்டடத்தில் இருந்த ஹெர்ட்ஸின் உருவப்படத்தையும் அகற்றினார்கள்.

ஆனால் அதே 1930களில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் நொடிக்கு ஓர் ஆட்டம் என்ற அளவுக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தது. 1960இல் உலக அளவீட்டு மாநாடும் அதை ஏற்றுக்கொண்டது. சுவரிலிருந்து எடுத்த பெயர், இன்று ரவுட்டர், போன், ரேடியோ என்று எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது.

அடுத்த முறை படுக்கையறையில் சிக்னல் போனால், புது ரவுட்டருக்கு ஆர்டர் போடும் முன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். பீரோ எங்கே இருக்கிறது, தூண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1888இல் இருட்டு அறையில் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஹெர்ட்ஸ் நடந்ததும் இதே நடைதான்.